வலி இல்லாத கால்

தம்பி,

நாளைக்குக் காலையில என் வலது காலை எடுக்கப் போறாங்க. முட்டிக்குக் கீழ. கையெழுத்துப் போட்டுட்டேன். "போட்டீங்கன்னா அப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க"ன்னு நேத்து வார்டு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனல்ல, அதனாலதான் போன் பண்ணல. எழுதக்கூடாதுன்னு நீ சொல்லலையே. பக்கத்து வீட்டு சரசா அத்தைகிட்ட தாள் கேட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுறவ தாளுக்கு எங்க போவா, வேன்ல ஏதோ ஒரு பிள்ளை விட்டுட்டுப் போன எக்சசைஸ் புக்கைக் கொண்டாந்து குடுத்தா. முன்பக்கமெல்லாம் பெருக்கல் கணக்கு, அதுலயும் பாதி தப்பு. நான் பின்னாடி இருந்து எழுதுறேன். இதை நீ மட்டும்தான் படிக்கணும்னு இல்ல. உன் வீட்டுக்காரி படிக்கட்டும், உன் பாஸ்டர் படிக்கட்டும், மைக்ல வாசிக்கணும்னு தோணுச்சுன்னா தாராளமா வாசிங்க. என்னைப் பத்தி ஏற்கனவே மைக்ல நிறையப் பேசியாச்சு. இதையும் பேசிட்டுப் போங்க.

நீ கோவமாப் போனதால, டாக்டர் சொன்னதை என்கிட்ட இருந்து முழுசாக் கேக்கல. அதை முதல்ல சொல்லிடுறேன். சின்னப் பொண்ணு, மலாய்க்காரப் பிள்ளை, ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சோ, கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டு, அத்தைன்னு கூப்பிடுற மாதிரி மக்சிக் மக்சிக்னு மெதுவாச் சொன்னா. மக்சிக், கிளினிக்ல சொன்ன உடனே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும். போன மாசம் வந்திருந்தாகூட பாதத்துல பாதியைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப முட்டிக்குக் கீழ எடுத்தாத்தான் மேல ஏறுற கிருமியை நிறுத்த முடியும். இன்னும் தள்ளிப் போட்டா காலைப் பத்திப் பேச வேண்டியதே இல்ல, உயிரைப் பத்தித்தான் பேசணும். அவ்வளவுதான் விஷயம். ஒண்ணு கால் போகணும், இல்ல நான் போகணும். நான் இருக்கிறேன்னு சொல்லிட்டேன்.

அதுக்கு அப்புறம்தான் நீ வந்த. சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு, பாலத்துல அவ்வளவு நெரிசல்ல மோட்டார் ஓட்டிட்டு, ஹெல்மெட் போட்ட அடையாளம் நெத்தியில அப்படியே இருக்க, நேரா இங்கதான் வந்த. அதை நான் பாக்காம இல்ல. ஆனா உட்காரக்கூட இல்ல நீ. கால்மாட்டுல நின்னு போன்ல வேதத்தைத் திறந்து ஆசா ராஜா கதையை வாசிச்ச. ஆசாவுக்கும் கால்லதான் வியாதி, கர்த்தரைத் தேடாம வைத்தியரைத் தேடினான், செத்தான். "நீங்களும் அப்படித்தான் போகப் போறீங்களாம்மா?"ன்னு கேட்ட. வார்டே திரும்பிப் பாத்துச்சு. நீ போனதும் பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி "ஆனாக் மாரா கா?"ன்னு கேட்டுச்சு. மகன் கோவமான்னு கேக்குது. இல்ல, ஜெபம் பண்றான்னு சொன்னேன். இவ்வளவு சத்தமாவான்னு அது தலையை ஆட்டிக்கிச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இத்தனை வருஷம் சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தவ, பெத்த பிள்ளை கேட்ட கேள்விக்கு வாயடைச்சுப் போய் உட்கார்ந்திருந்தேனேன்னு என் மேலயே கோவமும் வந்துச்சு. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதப் போறேன்.

ஆனா ஆசாவுக்கு வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஆரம்பிக்கணும். நீ வசனம் சொல்றதைக் கேக்க நம்ம பழைய சபையில ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. ஞாபகம் இருக்கா? மூவார்ல வசனப் போட்டி நடந்தப்ப மத்த பிள்ளைங்க நடுவுல நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. நீ ஒரு முழு சங்கீதத்தையும் மூச்சு விடாம சொல்லிட்டு இறங்கி வந்த. எனக்குத் தலைகால் புரியல. அப்பா லாரிலயே நம்மளைக் கூட்டிட்டுப் போய் ஆத்தோரத்துக் கடையில மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தாரு. செனாய் பேக்டரில லைன்ல நின்னுக்கிட்டே எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன், என் மகனுக்கு வேதம் தண்ணி பட்ட பாடுன்னு. வீட்டுல ஒரு வசனம் ஒப்பிச்சா ஒரு கப் மைலோ ஐஸ். அப்படித்தான் உன் வாயில வேதத்தை ஏத்தினேன். ஆனா இந்த வார்த்தையை யாருக்குச் சொன்னாங்க, எப்ப சொன்னாங்க, அப்ப அவங்க என்ன கஷ்டத்துல இருந்தாங்கன்னு ஒரு நாளாவது உன்னைக் கேட்டிருப்பேனா? கேக்கல. எனக்கே அது தேவைப்படல. தப்பில்லாம சொன்னா போதும்னு இருந்துட்டேன்.

உங்கப்பா அப்படி இல்ல. அந்த மனுஷனுக்கு ஒரு வசனம்கூட முழுசா வராது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல நீ கேட்ட, உனக்குப் பத்து வயசுகூட இருக்காது. பிசாசு இயேசுவை ஆலயத்து உச்சியில கொண்டு போய் நிறுத்தி, குதி, தேவதூதருங்க பிடிப்பாங்கன்னு எழுதியிருக்கேன்னு சொன்னானே, அவர் ஏன் குதிக்கல, குதிச்சா பிடிச்சிருக்க மாட்டாங்களான்னு கேட்ட. உங்கப்பா மீன் குழம்பைப் பிசைஞ்சிக்கிட்டே, "பிடிச்சிருப்பாங்கதான். இறங்கி வர்றதுக்குத்தான் படி இருக்கே, அப்புறம் எதுக்குய்யா குதிக்கணும்?"னு சொன்னாரு. நான் அவரைத் திட்டினேன். பிள்ளைக்கு ஒழுங்காப் பதில் சொல்லத் தெரியாதான்னு கேட்டு, தேவனைப் பரீட்சை பாக்கக் கூடாதுன்னு நான்தான் சரியான பதிலைச் சொல்லிக் குடுத்தேன். நீ அதை எழுதி முழு மார்க்கும் வாங்கின. இங்க வந்து படுத்ததுல இருந்து உங்கப்பா சொன்னதுதான் மண்டையில ஓடுது. பிசாசு சொன்னது பொய் வசனம் இல்ல, தம்பி. வேதத்துல இருக்கிற வசனம்தான். அதை வச்சுத்தான் குதிக்கச் சொன்னான். பக்கத்துலயே படி இருந்துச்சு. இயேசு படியில இறங்கி வந்திருப்பாருன்னுதான் நினைக்கிறேன்.

அப்பா போனதுக்கு அப்புறம் நீ எப்படி ஆனன்னு உனக்கே தெரியும், எழுத வேண்டாம்னுதான் நெனச்சேன். ஆனா எழுதாம இந்தக் கதை புரியாது. மூவார்ல நாற்காலி மேசை ஏத்திக்கிட்டு இருக்கும்போதே லாரிக்குப் பக்கத்துல சுருண்டு விழுந்தாரு, ஆஸ்பத்திரி போய்ச் சேரல. நீ படிப்பை விட்ட. குடிக்க ஆரம்பிச்ச. கொஞ்சநஞ்சக் குடியா அது? ஸ்கூடாய் பெரிய ரோட்டோரச் சாக்கடையில மோட்டாரோட விழுந்து கிடந்திருக்க. லாக்கப்புல இருந்திருக்க. என் கை பட்டா தட்டி விடுவ. நீ வாந்தி எடுத்த பாயைக் கழுவிக்கிட்டே ஆண்டவரே இவனையும் கூட்டிட்டுப் போயிடும், என்னையும் கூட்டிட்டுப் போயிடும்னு நான் ஜெபம் பண்ணியிருக்கேன். அப்படிப்பட்ட ஜெபத்தையும் பண்ணினவ நான். அப்பதான் அந்தச் சபைக்காரங்க வந்தாங்க. டயர் கடைக்கு மேல் மாடியில கூட்டம் நடத்துறவங்க. நம்ம பழைய சபையில இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்காதப்ப, அந்தப் பையனுங்கதான் லாக்கப்புக்கு வந்து உன் பக்கத்துல உட்கார்ந்தாங்க. குடியை விட்ட. சட்டையை அயர்ன் பண்ணிப் போட ஆரம்பிச்ச. ஒரு நல்ல பொண்ணைக் கட்டின, பாப்பா பொறந்தா. அவங்களுக்கு என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போட்டாலும் போதாது. இதை உன் பாஸ்டருக்கும் சொல்லு. நான் இனி எழுதப் போறது எதுவும் இதை அழிச்சிடாது.

நான் ஊமையா இருந்ததுக்கும் அதுதான் காரணம். வருஷப் பிறப்பு ஆராதனையில கூடையில வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டையைப் போட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கச் சொன்னீங்க. நாங்களும் பழைய சபையில எடுப்போம், எடுத்து பைபிளுக்குள்ள வச்சுட்டு மறந்துருவோம். நீ எனக்கும் சேத்து ஒண்ணு எடுத்த. சுகம் தருவேன்னு வந்துச்சு. அங்கேயே உட்கார்ந்து அழுத. அதை லேமினேட் பண்ணி என் பிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போன. அப்ப எனக்குக் கால்ல புண்ணு, சுண்டு விரல்ல. ராத்திரிச் சந்தையில, பாசார் மாலாம்ல வாங்கின புதுச் செருப்பு கடிச்சது. இனிப்பு நீர் இருக்கிறவளுக்குச் செருப்புக்கடி எங்க ஆறும்? கிளினிக் டாக்டர் பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, விரலை எடுக்கணும்னு சொன்னாரு. உன்கிட்ட சொன்னேன். நீ பிரிட்ஜைக் காட்டின. "அம்மா, கர்த்தர் வாய் திறந்து சொல்லிட்டாரு. இனிமே டாக்டரு என்னா சொல்றது?"ன்னு கேட்ட. நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரியும், தம்பி. தப்புன்னு அப்பவே அடிவயிறு சொல்லுச்சு. ஆனா நான் இல்லன்னு சொன்னா உன் விசுவாசம் ஆடிப் போயிடுமோ, ஆடினா நீ மறுபடியும் அந்தச் சாக்கடையில கிடப்பியோன்னு பயந்தேன். ஒரு விரல்தானேன்னு கணக்குப் போட்டேன்.

அப்புறம் வலி நின்னுச்சு. ராவெல்லாம் சுரீர் சுரீர்னு இழுத்தது ஒரு வாரத்துல ஒண்ணுமே இல்லாமப் போச்சு. வலி இல்லடான்னு உன்கிட்ட சொன்னதும் என்னை அடுப்படியிலயே தூக்கிச் சுத்தின, பாப்பா கை தட்டிச்சு. அந்த ஞாயித்துக்கிழமை டயர் கடை மாடிப்படியில என்னைக் கைத்தாங்கலா ஏத்திக் கூட்டிட்டுப் போன. எல்லார் முன்னாடியும் புண்ணுக் கட்டை அவுத்து, செருப்பைக் கழட்டி, "நடங்கம்மா"ன்னு சொன்ன. நடந்தேன். அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் நீல கார்ப்பெட்டுல நடந்தேன். பாட்டும் கை தட்டலும் காதைப் பொளந்துச்சு. பாஸ்டர் மைக்கை என் வாய்கிட்ட வச்சு, வலி இருக்காம்மான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். அது உண்மைதான். அப்பதான் திரும்பிப் பாத்தேன். நான் நடந்து வந்த வழியெல்லாம் கார்ப்பெட்டுல ஈரம். தண்ணி மாதிரி இல்ல, கருப்பா, திட்டுத் திட்டா. என் கால்ல இருந்து வந்தது. யாரும் பாக்கல, எல்லாரும் கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருந்தாங்க. நான் சேலையை இறக்கிவிட்டு கடைசித் திட்டு மேலயே நின்னுக்கிட்டேன். இன்னும் ஏதாச்சும் சொல்லுங்கன்னு மறுபடி மைக்கை நீட்டினாங்க. ஸ்தோத்திரம்னு சொன்னேன். உன் முகத்துல அவ்வளவு சந்தோஷத்தை அப்பா போனதுக்கு அப்புறம் நான் பாத்ததே இல்ல. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.

மீதியை நீ பாக்கல, நீ வேலைக்குப் போயிட்ட. சரசா அத்தைதான் ஒரு நாள் மத்தியானம் வேனை நிறுத்திட்டு காப்பி குடிக்க வந்தா. வந்தவ மூக்கைச் சுளிச்சா. "அக்கா, பிரிட்ஜ்ல மீனு ஏதும் கெட்டுப் போச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே உன் அட்டை ஒட்டியிருந்த கதவைத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தா. அடுப்புக்குப் பின்னாடி எலி ஏதும் செத்துக் கிடக்கான்னு குனிஞ்சு பாத்தா. குனிஞ்சவ கண்ணு என் கால்ல பட்டுச்சு, நிமிரவே இல்ல. "அலமாக், அக்கா!" அவ்வளவுதான் சொன்னா. அப்படியே ஓடிப் போய் வேனை எடுத்தா. ஆஸ்பத்திரி வர்ற வழியெல்லாம் நான் வேன் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டேன், அவளுக்கு நாறக் கூடாதுன்னு. இங்க வந்ததும் அந்த டாக்டர் பொண்ணு ஒரு ஊசியை எடுத்து என் உள்ளங்கால்ல குத்தி, வலிக்குதா மக்சிக்னு கேட்டா. இல்ல. இன்னும் மேல குத்தினா. இல்ல. கணுக்கால்கிட்ட குத்தினா. இல்ல. ஊசியை வச்சிட்டு சொன்னா, வலி இல்லாததுதான் மக்சிக் உங்க வியாதி, நரம்பு செத்துப் போச்சுன்னு. அன்னைக்கு மாடியில நாம எல்லாரும் கை தட்டினது அதுக்குத்தான்.

என் கால் உன்னாலதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஈரத்தைப் பாத்தவ நான், மறைச்சவ நான், எனக்குக் கண்ணும் இருந்துச்சு வாயும் இருந்துச்சு. ஆனா உன் மேல கோவமே இல்லன்னு சொன்னா அதுவும் பொய். கோவம் இருக்குடா. நிறைய இருக்கு. ஒரே ஒரு தடவை நீ குனிஞ்சு அந்தப் புண்ணைப் பாத்திருக்கலாம். கட்டை அவுத்தவன் நீ. அவுத்த கையோட கீழ பாக்காம கூட்டத்தைப் பாத்த. அதைத்தான் என்னால தாங்க முடியல.

இப்ப ஆசாவுக்கு வர்றேன். நீ போனப்புறம் என் பழைய பைபிளை எடுத்து அந்த ராஜா கதையை முதல்ல இருந்து வாசிச்சேன், நீ வாசிச்ச அந்த ஒரு வரியை மட்டும் இல்ல. ஆசா முன்னாடி நல்லவன். கர்த்தரை நம்பினவன். அப்புறம் ஒரு தப்பு பண்றான். ஒரு தீர்க்கதரிசி வந்து, நீ பண்ணினது புத்தியில்லாத வேலைன்னு முகத்துக்கு நேரா சொல்றாரு. ஆசாவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது. சொன்னவரைப் பிடிச்சுச் சிறையில போடுறான். கால்ல வியாதி வர்றது அதுக்கு அப்புறம்தான், தம்பி. கசப்பான பேச்சு பேசுற ஒருத்தனையும் பக்கத்துல வச்சுக்க மாட்டேன்னு ஆனவனைப் பத்தின கதை அது. வைத்தியர்கிட்ட போனதுதான் பாவம்னு அங்க எழுதல, கர்த்தரை விட்டுட்டுப் போனான்னுதான் எழுதியிருக்கு. நான் விடல. வேணும்னா இன்னொரு ராஜாவையும் பாரு, எசேக்கியா. சாகப் போறவனுக்கு நீ பிழைப்பன்னு கர்த்தரே சொல்லியனுப்புறாரு. கூடையில எடுத்த அட்டை இல்ல, ஏசாயா நேர்ல வந்து சொல்றாரு. சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழத்தை அரைச்சுப் புண்ணு மேல வச்சுக் கட்டுங்கன்னும் சொல்றாரு. வாக்குத்தத்தமும் இருந்துச்சு, மருந்தும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வாயில இருந்து வந்துச்சு. இதை நான் உனக்குச் சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்கணும்.

ஞானம் வேணும்னு சாலொமோன் கேட்டான்ல, அதுக்கும் நீ படம் வரைஞ்சு பரிசு வாங்கியிருக்க. கேட்டு வாங்கினவன் அடுத்து என்ன பண்ணினான்? ரெண்டு பொம்பளைங்க ஒரு பிள்ளைக்கு அடிச்சுக்கிட்டு வந்தாங்க. அவன் ஒரு வசனமும் சொல்லல. ரெண்டு பேர் பேச்சையும் கடைசி வரைக்கும் கேட்டான். வாளைக் கொண்டான்னுட்டு யார் முகம் எப்படிப் போகுதுன்னு பாத்தான். ஆண்டவர் குடுத்த ஞானம் அவன் கண்ணுலயும் காதுலயும்தான் இருந்துச்சு. அதை நீ கேளு, தம்பி. உனக்கு வசனத்துக்குக் குறைச்சல் இல்ல. நல்ல மனசுக்கும் குறைச்சல் இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். உனக்குப் பிடிக்காததை ஒருத்தர் சொல்லும்போது எந்திரிச்சுப் போகாம உட்கார்ந்து கேக்குற குணம்தான் இன்னும் வரல. அதை அட்டையில எடுக்க முடியாது. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா ஜெபம் பண்ணு, பண்ணிக்கிட்டே காடியை எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டு. உன் வீட்டுக்காரி ஒண்ணு வேணாம்னு சொன்னா, ஏன்னு கேளு, அவ என்னை மாதிரி தலையை மட்டும் ஆட்டிட்டு நிக்கிற அளவுக்கு அவளைப் பயமுறுத்தி வைக்காத. இன்னொண்ணு. அன்னைக்கு எனக்குக் கை தட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு இனிப்பு நீர் இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? அவங்க என் சாட்சியைக் கேட்டுட்டுக் கட்டை அவுத்துப் போட்டிருந்தா யார் பொறுப்பு? அதே மைக்ல, என் கால் என்னாச்சுன்னு நீ சொல்லணும். எனக்காக இல்ல, அவங்களுக்காக.

எனக்குப் பயமா இருக்குடா. கத்திக்குப் பயம் இல்ல, மயக்க மருந்து குடுத்துருவாங்க. நாளைக்கு இந்தக் கால் போனதும், கர்த்தர் பொய்யர்னு முடிவு பண்ணிட்டு நீ அந்தப் பழைய சாராயக் கடை வாசல்ல போய் நிப்பியோன்னுதான் பயம். நிக்காத. உன்னைச் சாக்கடையில இருந்து தூக்கினது உண்மை. அதை நான் கண்ணால பாத்தேன், அதுக்கு யார் வந்து கேட்டாலும் சாட்சி சொல்லுவேன். அந்த ஆண்டவரும் அதே ஆண்டவர்தான். உன் விசுவாசத்தை என் கால்ல கட்டித் தொங்கவிடாத, அது அழுகின கால். நானும் ஜெபம் பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணலாப் போச்சு, ஆனா மனசு கொஞ்சம் தெளிஞ்சுதான் இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு உண்மைக்குத் தலையாட்டின மாதிரி இருந்துச்சு.

இவ்வளவும் எழுதிட்டு மூடி வைக்கலாம்னு இருந்தப்ப மிஸ்ஸி வந்தா. நல்ல நர்ஸ் பிள்ளை, காலையில என் தலையைச் சீவிவிட்டவ. தயங்கித் தயங்கி, "மக்சிக், காக்கி நந்தி சியாப்பா அம்பில்?"னு கேட்டா. எடுத்த காலை அப்புறம் யார் வாங்கிக்குவாங்கன்னு கேக்குறா. எனக்கு விளங்கவே கொஞ்ச நேரமாச்சு. அவங்க முஸ்லிம் ஆளுங்க வாங்கிட்டுப் போய் முறையா அடக்கம் பண்ணுவாங்களாம். மத்தவங்க வேணாம்னு சொல்லிட்டா ஆஸ்பத்திரியே எரிச்சிடுமாம். எரிச்சிடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் கல்லறைத் தோட்டத்துல உங்கப்பா பக்கத்துல எனக்குன்னு விட்டு வச்சிருக்கிற இடம் ஞாபகம் வந்துச்சு. அந்த இடத்துல சின்னதா ஒரு குழி தோண்டினா போதும். கால் முன்னாடி போகட்டும், மீதி நான் பின்னாடி வர்றேன்.

நீதான் அதைச் செய்யணும். சரசா அத்தை செய்வா, நான் கேட்டா உங்க சபைப் பையனுங்களும் செய்வாங்க. ஆனா நீ செய்யணும். நாளைக்கு முன்னாடி வந்து என்னைப் பாக்க வேணாம், என்கூடப் பேச வேணாம், நான் பண்ணினது சரின்னு நீ சொல்லவும் வேணாம். துணியில சுத்தித்தான் குடுப்பாங்களாம். மண்ணு போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவுத்துப் பாரு. பாத்துட்டு என்ன ஜெபம் வருதோ அதைப் பண்ணு. யார் பேரை எழுதட்டும்னு மிஸ்ஸி கேட்டா. உன் பேரைச் சொல்லியிருக்கேன். வரும்போது உன் ஐ.சி. அட்டையை எடுத்துட்டு வா, தம்பி. அது இல்லாம குடுக்க மாட்டாங்களாம்.